குரூப்பில் போட்டாச்சு, ஆனால் யாருக்கும் தெரியவில்லை: கம்பெனியில் யாருக்கு எதில் தகவல் சொல்றீங்க?

அவிநாசிரோடு_எச்ஆர் (கேள்வி)

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் எச்ஆர் வேலை, மூன்று வருஷம் ஆகிறது. மொத்தம் 380 பேர். மெர்சண்டைசிங் (பையரோடு ஆர்டர் பேசி முடிக்கிற பிரிவு), அக்கவுண்ட்ஸ் எல்லாம் சேர்த்து ஆபீஸில் 45. தையல் லைனில் 190, அதில் முக்கால்வாசி பெண்கள், குன்னத்தூர், ஊத்துக்குளி, காங்கேயம் பக்கமிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். ஹாஸ்டலில் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் 85. மீதி 60 பேர் கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங், வாட்ச்மேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை எங்கள் ஏரியாவில் மின்வாரியப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நான்கு வரை கரண்ட் இல்லை என்று பேப்பரில் வந்திருந்தது. மொத்த லைனையும் ஜெனரேட்டரில் ஓட்டினால் டீசல் காசுக்குக் கட்டாது. ராத்திரி எட்டரைக்கு ஷிப்ட் விட்டு வேனெல்லாம் போன பிறகு முதலாளியும் ஜிஎம்மும் உட்கார்ந்து முடிவு பண்ணினார்கள்: திங்கள் லீவு, அதற்குப் பதில் நாளைக்கு ஞாயிறு வேலை. எனக்கு வந்து சேர்ந்தபோது மணி 9.40. 312 பேர் இருக்கும் 'கம்பெனி ஜெனரல்' வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

ஞாயிறு காலை ஹாஸ்டல் பையன்களும் பக்கத்தில் குடியிருக்கிற முப்பது பேரும்தான் வந்தார்கள். வேன் ஒன்றுகூட வரவில்லை. ஏனென்றால் வேன் ஓட்டுகிறவர்கள் டிராவல்ஸ்காரரின் ஆட்கள், எந்தக் குரூப்பிலும் இல்லை, எனக்கு அது தோன்றவே இல்லை. அவசரமாக டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டால் 'இப்ப ஆளுக்கு எங்கம்மா போறது, ஒருத்தரு கல்யாணத்துல இருக்காரு' என்றார். பேச்சு அதோடு முடிந்தது. நாளைக்கு வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை, ஜிஎம்முக்கும் தோன்றவில்லை. திங்கள் வெள்ளென மூன்று வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பூட்டின கேட்டுக்கு முன்னால் எழுபது பெண்கள். காய்ச்சலில் கிடந்த குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை, தூக்குப்போசியைத் திண்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஹாஸ்டல் பையன்கள் மெசேஜைப் பார்த்தார்கள், ஆனால் ஞாயிறு வேலை என்றால் டபுள் சம்பளம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்ததும் அது ஒரு பஞ்சாயத்து.

முதலாளி சொல்வது ஒன்றுதான்: "குரூப்ல போட்டாச்சுல்ல, பார்க்காதது அவங்க தப்பு." அந்தக் குரூப்பைத் திறந்து பார்த்தேன். என் மெசேஜுக்கு மேலே பதினேழு குட்மார்னிங் பூ, ஒரு பிறந்தநாள் கேக், ஒரு காணாமல் போன ஸ்ப்ளெண்டர் வண்டி. ஆபீஸ் பக்கம் வேறு கூத்து, மெயில் போட்டால் 'மெயில் பார்க்கலைங்க, வாட்ஸ்அப்ல சொல்லியிருக்கலாமே' என்கிறார்கள், வாட்ஸ்அப்பில் சொன்னால் நாலு நாள் கழித்துத் தேட முடியவில்லை. இதற்கு நடுவில் ஒருவர் எம்ப்ளாயி ஆப் விற்க வந்திருக்கிறார், தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம், முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது.

உங்கள் இடத்தில் யாருக்கு எதில் சொல்கிறீர்கள்? புத்தகத்தில் இருப்பது வேண்டாம், நடப்பதைச் சொல்லுங்கள்.

---

பேட்லாக்_அக்கா

அம்மிணி, நான் பதினாறு வருஷம் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டினவள், இப்போது வீட்டிலேயே ரெண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க். பார்க்காதது அவங்க தப்பு என்கிறாரே உங்கள் முதலாளி, எப்போது பார்ப்பது? காலையில் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வை என்கிறீர்கள். எட்டரைக்கு வெளியே வந்து, ஒன்பதே முக்காலுக்கு வீடு சேர்ந்து, அரிசியைப் போட்டு, பாத்திரம் கழுவி முடித்தால் பதினொன்று. அதற்கப்புறம் பதினேழு பூவைத் தள்ளிக்கொண்டு உங்கள் மெசேஜைத் தேடுவேனா?

இன்னொன்று, நீங்கள் வைத்திருக்கிற நம்பர் யாருடையது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் வேலைக்குச் சேரும்போது கொடுத்தது என் பையன் நம்பர். அவன் காலேஜ் போகிறவன், கம்பெனி குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டான், எனக்குச் சொல்லவுமில்லை. எங்கள் லைனில் பாதிப்பேர் இப்படித்தான், வீட்டுக்காரர் நம்பர், இல்லை தம்பி நம்பர்.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஆம்பளைகள் யாரும் சொல்ல மாட்டார்கள். முந்நூறு பேர் குரூப்பில் எங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரிகிறது. சேர்ந்த மூன்றாம் நாளே ராத்திரி பதினொன்றரைக்கு யாரென்றே தெரியாத நம்பரிலிருந்து 'ஹாய்', 'சாப்ட்டியா'. கூட வேலை பார்த்த ஒரு பிள்ளை அதற்காகவே குரூப்பை விட்டு வெளியே போனாள். அங்கே இருந்த எச்ஆர் அவளைக் கூப்பிட்டு, ஏன் எக்ஸிட் ஆனாய், கம்பெனி மேல் மரியாதை இல்லையா என்று கேட்டார். அவள் என்ன பதில் சொல்வாள், நீங்களே சொல்லுங்கள்.

எங்களுக்குத் தகவல் வருவது ரெண்டே வாய் வழியாகத்தான், ஒன்று லைன் சூப்பர்வைசர், இன்னொன்று வேன். பொழுதோட வேன் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் ஏறி உட்கார்ந்திருப்போம், எங்கேயும் ஓட முடியாது. அப்போது படியில் ஏறி நின்று ஒரு நிமிஷம் சொன்னால் ஊத்துக்குளி போவதற்குள் அதை நாங்களே நாலு தடவை பேசியிருப்போம். வேனில் பேசியது மறக்காது.

---

மில்_சங்கு

கோவையில் ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் பர்சனல் டிபார்ட்மென்ட், ரிட்டயர் ஆகி ஐந்து வருஷம். அந்த அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஒன்றைச் சேர்க்கிறேன். சொல்வது வேறு, சொன்னதற்குச் சாட்சி வைப்பது வேறு. வேனில் சொன்னால் ஆளுக்குப் போய்ச் சேரும், ஆனால் நாளைக்கு லேபர் ஆபீஸில் 'எங்களுக்குச் சொல்லவே இல்லை' என்று வந்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. நோட்டீஸ் போர்டு அதற்குத்தான். எங்கள் காலத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கும், ஷிப்ட் மாறும்போது மேஸ்திரி வாயால் சொல்வார், டைம் ஆபீஸ் பக்கத்தில் அதே விஷயம் ஒட்டியிருக்கும். முதல் ஷிப்டுக்குச் சொன்னது மூன்றாம் ஷிப்டுக்குப் போகாமல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கும், அதனால் போர்டில் ஒட்டிய தாளின் ஓரத்தில் மூன்று மேஸ்திரியும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருந்தோம்.

உங்கள் ஞாயிறு விஷயத்துக்கு வருகிறேன். நான் படித்த 1948 ஃபேக்டரி சட்டத்தில் 52-ஆம் பிரிவு இதற்கென்றே இருந்தது. ஞாயிறு வேலை வாங்கினால் அதற்கு முந்தின மூன்று நாளிலோ பிந்தின மூன்று நாளிலோ ஒரு முழு நாள் லீவு தரவேண்டும், அது மட்டுமல்ல, இரண்டில் எந்த நாள் முதலில் வருகிறதோ அதற்கு முன்னாலேயே இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு நோட்டீஸ் கொடுத்து ஃபேக்டரியிலும் ஒட்டியிருக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி 9.40க்கு அது எப்படி முடியும்? ஆக உங்கள் பிரச்சினை வாட்ஸ்அப்பில் ஆரம்பிக்கவில்லைங்க, எட்டரை மணிக்கு மேல் முடிவெடுத்ததில் ஆரம்பித்தது. 2025 நவம்பரிலிருந்து புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, பிரிவு எண்ணெல்லாம் மாறும், உங்கள் கன்சல்டன்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வாசலுக்குப் பக்கத்தில், பெரும்பாலான தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் ஒட்ட வேண்டும் என்ற வழக்கத்தில் இருக்கிற நியாயம் மாறாது.

போர்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்த முக்கால்வாசி கம்பெனியில் நோட்டீஸ் போர்டு ஆடிட்டருக்காக இருக்கிறது. கண்ணாடி போட்டு, பூட்டுப் போட்டு, சாவி யாரிடம் என்று தெரியாமல், மஞ்சளாகிப்போன தாள்கள். புதிய தாள் ஒன்று பத்துப் பழைய தாளுக்கு நடுவில் இருந்தால் அது ஒட்டாததற்குச் சமம். ஒட்டின தேதி, எடுக்கவேண்டிய தேதி இரண்டையும் தாளிலேயே எழுதுங்கள், எடுக்கிற வேலையை ஒரு ஆளிடம் ஒப்படையுங்கள்.

எதில் சொல்லவே கூடாது என்பதும் இருக்கிறது. 2013 பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டப்படி உள் கமிட்டியில் யார் யார் என்ற ஆர்டரையும், தண்டனை என்ன என்பதையும் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டியாக வேண்டும். ஆனால் புகார் வந்தால் கொடுத்தவர் பேர், விஷயம், விசாரணை எதுவும் வெளியே போகக்கூடாது, அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஒரு மேனேஜர் 'இன்று மூன்று மணிக்கு கமிட்டி மீட்டிங், இந்த லைன் ஆட்கள் வரவும்' என்று குரூப்பில் போட்டதைப் பார்த்திருக்கிறேன். லைன் நம்பர் போட்டால் போதாதா, ஊருக்கே தெரிந்துவிட்டது.

---

கோவை_எம்பிஏ_வாத்தியார்

புத்தகம் வேண்டாம் என்றீர்கள், மன்னிக்கவும், ஒரே ஒரு பத்தி. 1986-ல் டாஃப்ட், லெங்கல் என்று இரண்டு பேர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அவர்கள் சொன்னது: ஒரு விஷயம் பல மாதிரி அர்த்தம் ஆகக்கூடியது என்றால் முகம் பார்த்துப் பேசு, ஒரே அர்த்தம்தான் என்றால் எழுதினால் போதும். 'திங்கள் கரண்ட் இல்லை' என்பது எழுதினால் போதும். 'ஞாயிறு வேலை' என்பதில் டபுள் உண்டா இல்லையா என்ற கேள்வி உள்ளே ஒளிந்திருக்கிறது, அதை எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம். உங்கள் ஹாஸ்டலில் நடந்தது அதுதான்.

பேட்லாக்_அக்கா

வாத்தியாரே, டபுள் இல்லை என்று அந்த மெசேஜிலேயே நாலு வார்த்தை சேர்த்திருந்தால் எழுதினதும் போதும்தானே.

கோவை_எம்பிஏ_வாத்தியார்

அதுவும் சரிதாங்க.

---

வீரபாண்டி_புரொடக்ஷன்

ஹாஸ்டல் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் நான். எங்கள் யூனிட்டில் 120 பேர் வெளிமாநிலம். முதல் தப்பு, எல்லோரையும் 'இந்திக்காரப் பசங்க' என்று ஒரே கணக்கில் சேர்ப்பது. ஒடிசா பையனுக்கு இந்தி பேச வரும், படிக்க வருமா என்பது ஆளைப் பொறுத்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களில் வீட்டில் சந்தாலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் இந்தியில் அச்சடித்து ஒட்டின நோட்டீஸை ஒரு பையன் இன்னொருவனுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், லைனில் மூத்த ஒடியா டெய்லர் ஒருவர் இருக்கிறார், எட்டு வருஷமாக இங்கேயே இருப்பவர், தமிழ் நன்றாக வரும். அவரிடம் நான் தமிழில் சொல்வேன், அவர் அதைத் திருப்பித் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால்தான் ஒடியாவில் வாய்ஸ் மெசேஜ். ஒரு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. அவர் குரல் என்றால் பையன்கள் கேட்கிறார்கள், என் குரல் என்றால் திறப்பதுகூட இல்லை. இந்த வேலைக்கு அவருக்கு மாதம் ஒரு தொகை தருகிறோம். சும்மா செய் என்று சொல்லாதீர்கள்.

2023 மார்ச் முதல் வாரம் ஞாபகம் இருக்கும். வடமாநில ஆட்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோ சுற்றியது, அவை பொய் என்று போலீஸ் சொன்னது, பீகார் அரசாங்கத்திலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஹோலியும் அந்த வாரம். நாங்கள் முதல் நாளே இந்தியில் 'வதந்தியை நம்பாதீர்கள்' என்று ஒட்டினோம், குரூப்பிலும் போட்டோம். மறுநாள் காலையில் பதினான்கு பெட்டி கட்டிவைத்திருந்தது. கேட்டால் பையன்களுக்குப் பயமில்லை, ஊரில் அம்மா அழுகிறாள், உடனே வா என்கிறாள். அந்தப் போர்டை நான் எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் ஊரில் இருக்கிற அம்மா எப்படிப் படிப்பாள்? அன்று ராத்திரி முதலாளி ஹாஸ்டல் மெஸ்ஸில் தரையில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டார், பையன்கள் வீடியோ காலில் வீட்டுக்கு அதைக் காட்டினார்கள், ஒரு அப்பாவிடம் முதலாளி தனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் பேசினார். பதினான்கில் மூன்று பேர் போனார்கள், மீதிப்பேர் பெட்டியைப் பிரித்தார்கள்.

அதற்கப்புறம் ஞாயிறு சாயங்காலம் ஹாஸ்டலில் அரைமணி நேரம் உட்கார்வது வழக்கமாகிவிட்டது. பாதி நாள் தண்ணீர் மோட்டார், பருப்பில் உப்பு, இதுதான் பேச்சு. இருக்கட்டும். அந்தப் பழக்கம் இருந்தால்தான் நாளைக்கு ஒரு பெரிய விஷயத்தை அங்கே சொல்ல முடியும்.

---

டெக்பேக்_தம்பி

நான் மெர்சண்டைசர், ஆபீஸ் கதைக்கு மட்டும் வருகிறேன். எங்களுக்கு மெயிலும் வேண்டும் வாட்ஸ்அப்பும் வேண்டும், ஆனால் எது எதற்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை, அதனால்தான் குழப்பம். முன்பு வேலை பார்த்த இடத்தில் பையர் டீ-ஷர்ட்டின் மார்பு அளவை அரை இஞ்ச் கூட்டச் சொல்லியிருந்தார். ஏஜென்ட் அதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்ப, நான் கட்டிங் குரூப்பில் ஃபார்வர்ட் பண்ண, கட்டிங் மாஸ்டர் தம்ஸ்அப் போட்டார். நானும் முடிந்தது என்று விட்டுவிட்டேன். அவர் தம்ஸ்அப் போட்டது அதற்கு மேலே இருந்த 'லே எப்போ போடுறீங்க' (வெட்டுவதற்குத் துணியை அடுக்கி விரிப்பதுதான் லே) என்ற மெசேஜுக்கு. 1,400 பீஸ் பழைய அளவில் வெட்டியாகிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது நாங்களாகப் போட்டுக்கொண்ட வழக்கம்: துணியை மாற்றுகிற எதுவும், அதாவது அளவு, கலர், பிரிண்ட் இடம், லேபிள், எல்லாம் மெயில்தான். சப்ஜெக்ட்டில் ஸ்டைல் நம்பர் கட்டாயம், ஒரு மெயிலுக்கு ஒரு ஸ்டைல். கட்டிங் மாஸ்டர் மெயில் பார்க்க மாட்டார், அவருக்கு அதைப் பிரிண்ட் எடுத்து, மாறின வரியைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, கட்டிங் டேபிளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பழைய தாளை வாங்கிக் கிழித்துவிட்டு வருவோம். கிழிப்பதுதான் முக்கியம், ரெண்டு தாளும் ஃபைலில் இருந்தால் எப்போதும் பழையதுதான் கையில் சிக்கும். 'கூரியர் வந்துடுச்சா', 'பட்டன் சாம்பிள் எங்கே' மாதிரி விஷயம் வாட்ஸ்அப். லைன் நிற்கிற மாதிரி இருந்தால் போன், அப்போது மெசேஜ் அனுப்பினேன் என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

அந்த ஆப் பற்றி: ஆபீஸில் 45 பேருக்கு வேண்டுமானால் ஓடும். லைனில் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ரீசெட் பண்ணித் தருவதற்கே நீங்கள் ஒரு ஆள் போட வேண்டிவரும்.

---

திருச்செங்கோடு_ரிக்_கணக்கு

எங்களுடையது போர்வெல் ரிக் வண்டி, ஆட்கள் எல்லோரும் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று காட்டுக்குள் இருப்பார்கள். நோட்டீஸ் போர்டு, வேன், மெயில் எதுவும் கிடையாது. ராத்திரி ஏழரைக்கு வண்டி மேனேஜர் கூப்பிடுவார், எத்தனை அடி, எத்தனை டீசல், யாருக்கு உடம்பு சரியில்லை. டவர் இல்லாவிட்டால் பைக் எடுத்துக்கொண்டு டவர் இருக்கிற இடத்துக்கு வந்தாவது கூப்பிடுவார். ஏழரைக்கு நானும் கல்யாண வீட்டில் இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவேன். நேரம் மாறாமல் இருந்ததால்தான் இத்தனை வருஷம் ஓடுகிறது.

---

சின்ன_முதலாளி

ஒரே குரூப் போதும் என்று சொல்கிற கட்சி நான், அதனால் என் பக்கத்தையும் கேளுங்கள். எங்களுக்குத் தினம் நூறு தலைவலி. ஒரு இடத்தில் போட்டால் முடிந்தது என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறதுங்க. உங்கள் முதலாளி வேண்டுமென்றே செய்வதில்லை.

ஆனால் 2025 ஆகஸ்ட் கடைசியில் சூடு பட்டேன். அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட வாரம். எனக்கு 140 பேர், ஆர்டரில் பாதி அமெரிக்காவுக்கு. கொஞ்ச நாளைக்கு ஒன்றரை ஷிப்ட் கிடையாது, ஒரு ஷிப்ட் மட்டும்தான் என்று முடிவு. எனக்கு ஆட்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சங்கடம், சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு நான் பேங்குக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தால் 'கம்பெனியை மூடுறாங்களாம்' என்று ஆகியிருக்கிறது. டீக்கடையில் 'மெஷினையெல்லாம் வித்துட்டாராம்' என்று. மறுநாள் பதினொரு டெய்லர் வரவில்லை, வேறு கம்பெனியில் விசாரிக்கப் போய்விட்டார்கள்.

அதற்கு மறுநாள் காலை டீ நேரத்தில் மெஷினை நிறுத்தச் சொல்லி நானே நின்று பேசினேன். எத்தனை பீஸ் கையில் இருக்கிறது, எந்த வாரம் வரைக்கும் வேலை இருக்கிறது, அதற்கப்புறம் எனக்கே தெரியாது என்று அப்படியே சொன்னேன். ஒருத்தர் கேட்டார், தீபாவளி போனஸ் வருமா என்று. சட்டப்படியான 8.33 சதவீதம் கண்டிப்பாக உண்டு, போன வருஷம் கொடுத்த மேல்தொகை இந்தத் தடவை கஷ்டம் என்றேன். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அந்த மாதம் அதற்கப்புறம் யாரும் போகவில்லை. சம்பளத்தில் கைவைக்கிற விஷயத்தை மட்டும் இப்போது யாரையும் விட்டுச் சொல்லச் சொல்வதில்லை. மற்றதற்கு இன்னும் ஒரே குரூப்தான், அதை மாற்றும் உத்தேசம் இல்லை.

---

அவிநாசிரோடு_எச்ஆர்

எல்லோருக்கும் நன்றிங்க. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய குரூப்பை மூடவில்லை, முதலாளிக்கு அதில் பாசம். அதன் பேரை 'நம்ம கம்பெனி' என்று மாற்றி பூவுக்கும் கேக்குக்கும் விட்டுவிட்டேன், இருக்க வேண்டியது கட்டாயம் இல்லை என்று சொன்னதும் முதல் நாளே 41 பெண்கள் வெளியேறினார்கள். 41. அந்த எண்ணை முதலாளியிடம் காட்டினேன், பேட்லாக் அக்கா சொன்ன காரணத்தையும் சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அறிவிப்புக்கு வாட்ஸ்அப்பிலேயே கம்யூனிட்டி ஒன்று தொடங்கியிருக்கிறேன், அதன் அறிவிப்புக் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. நம்பர் யாருடையது என்று லைன் லைனாகப் போய்க் கேட்டு எழுதினேன், தையலில் 190-ல் 77 பேருடையது சொந்த நம்பர் இல்லை. அவர்களுக்கு வாட்ஸ்அப்பை நம்புவதில்லை, சூப்பர்வைசரும் வேனும்தான். ஒவ்வொரு வேனிலும் ஒரு அக்காவைப் பொறுப்பாக வைத்திருக்கிறோம், டிரைவர்கள் ஐந்து பேரையும் டிராவல்ஸ்காரரோடு சேர்த்து தனிக் குரூப்.

போர்டை ஆபீஸ் வாசலிலிருந்து எடுத்துத் தண்ணீர் டேங்க் பக்கத்தில் மாட்டினோம். டேங்கில் டம்ளர் நிறைகிற வரை எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், வேறு பார்க்க ஒன்றும் இல்லை. வாசலில் சட்டத்துக்கு வேண்டியது மட்டும். ஹாஸ்டலுக்கு ஒடியாவில் குரல் கொடுக்க ஒரு பையன் கிடைத்துவிட்டான், ஜிஎம் காசு தர ஒத்துக்கொண்டார், ஆனால் பாதி.

சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிவு எடுக்காவிட்டால் மறுநாள் எதையும் மாற்றக்கூடாது என்று கேட்டேன். அதற்கு மட்டும் முதலாளி இன்னும் தலையாட்டவில்லை.

அடுத்த பவர்கட்டுக்கு இதை ஓட்டிப் பார்த்தோம். நான்கு வேன் சரி, குன்னத்தூர் வேன் மட்டும் வழக்கம்போல் வந்து நின்றது, அன்று மாற்று டிரைவராம். அந்த வேனில் பொறுப்பான அக்கா ஊருக்கு ஒரம்பரை வீட்டுக்குப் போயிருந்தார். இப்போது வேனுக்கு இரண்டு பேர்.

கடைசியாக ஒன்று. நாம் சொல்வதைப் பற்றியே பேசிவிட்டோம், அவர்கள் நமக்குச் சொல்ல என்ன வழி? எங்களிடம் யோசனைப் பெட்டி இருக்கிறது, ஆடிட்டுக்காக வாங்கியது. ஒரு வருஷமாக அதில் கிடைத்தது இரண்டு சூயிங்கம் பேப்பர்.

மில்_சங்கு

பெட்டி எங்கே இருக்கிறது?

அவிநாசிரோடு_எச்ஆர்

என் ரூம் கதவுக்குப் பக்கத்தில்.

பேட்லாக்_அக்கா

அதற்கு மேலே கேமரா இருக்குமே.

அவிநாசிரோடு_எச்ஆர்

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இருக்கிறது.

பேட்லாக்_அக்கா

பொம்பளைங்க பாத்ரூம் போகிற நடையில் வை அம்மிணி, கூடவே நூலில் கட்டி ஒரு பென்சில். சாவி உன்னிடமே இருக்கட்டும், சூப்பர்வைசரிடம் கொடுக்காதே.

அவிநாசிரோடு_எச்ஆர்

வைத்து ஆறு நாள் ஆச்சு அக்கா. முதல் சீட்டு: 'ரெண்டாவது பாத்ரூம் தாழ்ப்பாள் போன தீபாவளியிலேர்ந்து இல்லை, ஒருத்தி உள்ளே போனா ஒருத்தி காவல் நிக்கிறோம்.' எனக்கு இது தெரியாது, நான் ஆபீஸ் பாத்ரூமுக்குப் போகிறவள். அன்று மதியமே ஆசாரியைக் கூப்பிட்டுப் போட்டாகிவிட்டது, போர்டிலும் ஒரு வரி எழுதினேன். நேற்று ஒரே நாளில் ஒன்பது சீட்டு. அதில் இரண்டில் என் பேர் போட்டே திட்டியிருக்கிறார்கள், அந்தத் திங்கட்கிழமைக்காக.

பேட்லாக்_அக்கா

தூக்குப்போசி அக்காவா இருக்கும்.

அவிநாசிரோடு_எச்ஆர்

எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. நாளைக்கு அவர் வேனில்தான் ஏறப்போகிறேன்.